மச்சுப் பலகையைத் தேய்ப்பதா, பெயர்ப்பதா?

கோபி மச்சு வீடு:
கோபிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாரு கட்டிய தொட்டிக்கட்டு வீடு இருக்கிறது. மச்சில் தேக்குப் பலகைத் தளம், 420 சதுர அடி. ஒன்றே கால் அங்குலக் கனம் என்று அப்பா சொல்வார். பூச்சு முழுக்கப் போய்விட்டது. சன்னலோரம் சாரல் அடித்து நான்கு பலகைகள் கறுத்திருக்கின்றன. நடுவில் இரண்டு பலகைகள் ஓரம் தூக்கி நிற்கின்றன. தை மாதம் தங்கைக்குத் திருமணம். தேய்த்துப் பூச்சுப் பூசினால் போதுமா, பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காளிங்கராயன் கரை:
தம்பி, பெயர்த்துவிடுங்கள். மெஷின் வைத்துத் தேய்த்தால் கால் அங்குலம் போய்விடும். அதன் பிறகு பலகை தொட்டில் போல ஆடும். திருமண வீட்டில் ஐம்பது பேர் ஏறி நிற்கப்போகிற இடம். ஈரோட்டில் பதினாறு ஆண்டுகளாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். பழையதைக் கட்டி அழுவதில் லாபமே இல்லை.

ஆனைமலை அடிவாரம்:
கால் அங்குலமா? இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கோபித் தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 420 சதுர அடியில் கால் அங்குலம் போக வேண்டுமென்றால் எட்டே முக்கால் கன அடி மரம் தூளாக வேண்டும். ஒரு நல்ல நிலவும் கதவும் செய்கிற அளவுக்கு மரம்! தரை தேய்க்கிற வேலையில் அவ்வளவு மரத்தை யாராவது குப்பையில் கொட்டியிருக்கிறார்களா? 40-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 80, பிறகு 120 என்று முறையாக இறங்கினால் மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் போகும். பல வீடுகளில் அதுவும் போகாது. உங்கள் பலகை ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். முப்பத்திரண்டில் ஒன்று!

கறுத்த பலகையைப் பார்த்து மக்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேக்கின் துவர்ப்பும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மரம் கறுக்கும். ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவி, கழுவி, நன்றாக உலரவிட்டால் வெளுக்கும். கையுறை கட்டாயம். காய்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. உளி முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்காமல் நின்றால் அது வைரம் பாய்ந்த கட்டை. அதைப் பெயர்த்து எறியச் சொல்பவருக்கு மரம் என்றால் என்னவென்று தெரியவில்லை.

காளிங்கராயன் கரை:
மரம் எனக்குத் தெரியும். வால்பாறையில் ஓர் எஸ்டேட் பங்களாவில் தேய்த்த தரையை நானே அளந்தேன். உருளை மெஷினை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துவிட்டான் அந்த ஆள். கால் அங்குலக் குழி. அடிக்கோல் வைத்துப் பார்த்தேன். காகிதத்தில் கணக்குப் போடுபவர்கள் தரையில் குனிந்து பார்க்க வேண்டும்.

ஆனைமலை அடிவாரம்:
ஆக, அது குழி. தரை முழுக்கப் போனது அல்ல. "கால் அங்குலம் போய்விடும்" என்றுதானே முதலில் எழுதினீர்கள்? உருளை சுழலும்போது மெஷின் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நிறுத்துவதற்கு முன் உருளையைத் தூக்க வேண்டும் என்பது வேலைக்கு வந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்த ஆள் செய்த தவறுக்குக் கோபி வீட்டுத் தேக்கு ஏன் சாக வேண்டும்?

நொய்யல் மேடு:
இருவரும் ஒரே வேலையைப் பற்றித்தான் பேசுகிறீர்களா? இழைப்பது வேறு, தேய்ப்பது வேறு. ஓரம் தூக்கிய பலகையை இழைப்புளி போட்டுச் சமன் செய்தால் கூடுதலாகத்தான் போகும். பூச்சை மட்டும் எடுக்கத் தேய்த்தால் கொஞ்சம்தான் போகும். முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்ளலாமே.

காளிங்கராயன் கரை:
எப்படி எடுத்தாலும் போவது போவதுதான். கால் அங்குலம்.

ஆனைமலை அடிவாரம்:
ஒரு மில்லிமீட்டர்.

தாராபுரம் மருமகள்:
அண்ணா, பலகைக்குக் கீழே உத்தரம் எப்படி இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லையே. எங்கள் மாமனார் வீட்டில் பலகை கல் மாதிரி இருந்தது. சுவருக்குள் செருகியிருந்த உத்தர முனை ஈரம் குடித்து உள்ளுக்குள் பொடியாகிப் போயிருந்தது. நல்லவேளை, ஆசாரி குத்தூசியால் குத்திப் பார்த்தார். ஊசி கைப்பிடி வரைக்கும் இறங்கியது. பலகை ஓரம் தூக்கியிருப்பதும் கீழிருந்து ஏறும் ஈரத்தால் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் மறுபடியும் தூக்கும்.

காளிங்கராயன் கரை:
அக்கா சொன்னதும் என் பக்கம்தான் பேசுகிறது. எல்லாவற்றையும் பெயர்த்தால்தானே உத்தரம் தெரியும்?

ஆனைமலை அடிவாரம்:
உத்தரம் கீழ் அறையிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே தெரியும். பெயர்க்கத் தேவையில்லை. எதைச் சொன்னாலும் கடப்பாரையைத் தூக்குகிறீர்கள். போன ஆடியில் கிணற்றுச் சுவர் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். சுண்ணாம்புக் காரைச் சுவரை இடித்துவிட்டு சிமெண்ட் பூசச் சொன்னீர்கள். அந்தத் திருப்பூர்க்காரர் பூசினார். மூன்றே மாதத்தில் உப்புப் பூத்து உதிர்ந்தது என்று அவரே இங்கு வந்து எழுதினார். அதற்கு இன்று வரை உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

காளிங்கராயன் கரை:
அவர் ஆற்று மணலுக்குப் பதில் உப்பு மணல் போட்டார். அதை நீங்கள் மறைக்கிறீர்கள். கிணற்றை இங்கே இழுக்காதீர்கள்.

வாளையாறு எல்லை:
ஒரு சந்தேகம். இது ஆனைமலைத் தேக்கு என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அந்தக் காலத்தில் நல்ல தேக்கு என்றால் நிலம்பூர்தான். 1840களிலேயே மலபார் கலெக்டர் கனோலி தோட்டம் போட்டு வளர்த்த மரம் அது.

ஆனைமலை அடிவாரம்:
ஆனைமலைத் தேக்கு என்று நான் எழுதவே இல்லை. மேலே போய்ப் படியுங்கள். ஆனால் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். கனோலி தோட்டம் பழையது, மறுக்கவில்லை. அதற்காக எங்கள் மலையைத் தாழ்த்திப் பேச வேண்டாம். டாப்சிலிப் என்ற பெயரே மேலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால் வந்தது. வெட்டி வெட்டி மொட்டையாகிக் கிடந்த அந்தக் காட்டில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி மறுபடியும் தேக்கை வளர்த்தார். அவருடைய கல்லறை அங்கேயே, அந்த மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. என் அப்புச்சி அந்தக் காட்டில் யானைகளோடு மரம் இழுத்தவர். பலகையைத் தட்டிப் பார்த்தே மரத்தின் வயதைச் சொல்வார். அப்படிப்பட்ட மரத்தைப் பெயர்த்து ஆக்கர் கடையில் போடச் சொன்னால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

வாளையாறு எல்லை:
கோபப்படுங்கள். நிலம்பூர்தான் முதல்.

காளிங்கராயன் கரை:
மரத்தின் பூர்வீகத்தை யாரும் கேட்கவில்லை. கால் அங்குலத்துக்குப் பதில் சொல்லாமல் அப்புச்சி கதை எதற்கு?

ஆனைமலை அடிவாரம்:
மூன்று முறை பதில் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள். பெயர்த்துவிட்டு என்ன போடுவீர்கள்? புதுத் தேக்கு என்றால் அதே கனத்துக்கு 44 கன அடி வேண்டும், சேதாரம் தனி. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இளமரம், பாதி வெளிவெள்ளை, அதாவது வைரம் ஏறாத வெளிப்பகுதி. கரையான் தேக்கின் வைரத்தை எளிதில் தொடாது, அந்த வெள்ளையைத்தான் தின்னும். லேமினேட் போடுவீர்களா? அதன் அடியில் இருப்பது அழுத்திய மரத்தூள். ஐப்பசிச் சாரல் அந்தச் சன்னல் வழியாக ஒருமுறை வந்தால் ஊதிவிடும். ஒட்டுப்பலகைத் தளம் என்றால் மேலே இருக்கும் நல்ல மரம் இரண்டிலிருந்து ஆறு மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் உள்ளதை வாங்கினால் பிறகு தேய்க்கவே வழியில்லை. 32 மில்லிமீட்டர் தேக்கைத் தூக்கி எறிந்துவிட்டு இதையா போடச் சொல்கிறீர்கள்? காங்கேயம் காளைக்குக் கொம்பில் கீறல் விழுந்தது என்று அடிமாட்டுக்கு அனுப்புவதும் இதுவும் ஒன்றுதான்.

காளிங்கராயன் கரை:
32 என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். அது அப்பா சொன்ன கணக்கு. இன்றைய கனத்தை யார் அளந்தார்கள்?

கோபி மச்சு வீடு:
இப்போதுதான் போய் அளந்தேன். படிக்கட்டு வாயில் ஓரத்தில் பலகையின் வெட்டு முகம் தெரிகிறது. ஒன்பது நூல் இருக்கிறது (எட்டு நூல் ஓர் அங்குலம்).

காளிங்கராயன் கரை:
பார்த்தீர்களா! பத்து நூல் என்றார்கள், ஒன்பதுதான் இருக்கிறது. இதில் கால் அங்குலம், அதாவது இரண்டு நூல் போனால் மிச்சம் ஏழு. நான் முதலிலேயே சொன்னேன்.

ஆனைமலை அடிவாரம்:
நீங்களே சொல்கிற கணக்கைக் கவனியுங்கள். அப்பாரு காலத்திலிருந்து இத்தனை பேர் ஏறி இறங்குகிற படிக்கட்டு வாயிலிலேயே தேய்ந்தது ஒரே ஒரு நூல். அறை நடுவில் அதுவும் இருக்காது. ஒரு மில்லிமீட்டர் என்றால் நூலில் மூன்றில் ஒரு பங்கு. ஏழு எங்கிருந்து வந்தது?

தம்பி, உங்களுக்குச் சொல்கிறேன். ஆணித் தலைகளை முதலில் உள்ளே இறக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் உப்புத்தாள் கிழிந்துகொண்டே இருக்கும். தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம், பூசுவதற்கு முன் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். தண்ணீர் கலந்த பாலியூரிதேன் என்றால் ஒரு கைப் பூச்சுக்கும் அடுத்த கைப் பூச்சுக்கும் இரண்டு மூன்று மணி நேரம் போதும். எண்ணெய் கலந்தது என்றால் ஒரு நாள் விட வேண்டும். முழுதாக இறுக ஒரு வாரம், எண்ணெய்ப் பூச்சுக்கு ஒரு மாதம் வரைக்கும் ஆகும். அதற்கு முன் பவானி ஜமக்காளத்தை விரித்துவிடாதீர்கள். கார்த்திகைக்குள் தொடங்கினால் தைக்கு அப்பாருவின் தரையிலேயே தங்கையை மணப்பெண்ணாக உட்காரவைக்கலாம்.

நொய்யல் மேடு:
இழைப்பதா தேய்ப்பதா என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தாராபுரம் மருமகள்:
உத்தர முனையைக் குத்திப் பார்த்தீர்களா தம்பி?

கோபி மச்சு வீடு:
இல்லை அக்கா. வியாழக்கிழமை ஆசாரி வருகிறார், பார்க்கச் சொல்கிறேன். பெயர்ப்பது என்றாலே அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார். அம்மாவுக்குப் புதுத் தரைதான் வேண்டுமாம்.

காளிங்கராயன் கரை:
அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஆசாரி வரும்போது அந்த இரண்டு நூல் கணக்கையும் அவரிடமே கேளுங்கள்.

ஆனைமலை அடிவாரம்:
கேளுங்கள். ஒரு மூலையில் தேய்க்கச் சொல்லி, முன்னும் பின்னும் அளந்து இங்கே எழுதுங்கள். மில்லிமீட்டரில் எழுதுங்கள்.

காளிங்கராயன் கரை:
நூலில் எழுதுங்கள். ஆசாரி அளப்பது நூலில்தான்.