காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்குத் தொக்கு அனுப்ப ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?

தொக்குக்காரி:
வணக்கம். எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் கிளிமூக்கு மாங்காய்த் தொக்கும் ஆவக்காயும் கேழ்வரகு முறுக்கும் செய்து வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், போன சீசனில் நினைத்ததைவிட நன்றாகப் போனதால் இந்த வருடம் ஒரு ஷெட் போட்டு, அரவை மெஷின், சீல் மெஷின் வாங்கி முறையாகத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். மொத்தம் ஆறு லட்சம் ஆகும் போலிருக்கிறது. வருடத்துக்கு 12 முதல் 15 லட்சம் வரை விற்கும் என்று கணக்கு. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பெங்களூரில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள். பணமெல்லாம் இப்போதைக்கு வீட்டுக்காரரின் சம்பளக் கணக்குக்குத்தான் கூகுள் பேயில் வருகிறது. டவுனில் ஒருவர் ஜிஎஸ்டி, உத்யம் (சிறுதொழில் பதிவு) இரண்டும் எடுத்துத் தர 8,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? வருமான வரி எவ்வளவு வரும்? எதுவுமே தெரியாது, திட்டாமல் சொல்லுங்கள்.

பாலக்கோடு மளிகை:
8,000 எதற்கு? பொருள் விற்கிறவர்களுக்கு நம் மாநிலத்தில் 40 லட்சம் வரை ஜிஎஸ்டியே தேவையில்லை. நான் கடை வைத்து ஆறு வருடம் ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை. தைரியமாகத் தொடங்குங்கள் சகோதரி.

கணக்குப்பிள்ளை ஓசூர்:
மளிகை அண்ணன் சொல்வது அவர் கடைக்குச் சரி, உங்களுக்குச் சரிவராது. அந்த 40 லட்சம் மாநிலத்துக்குள்ளேயே விற்கிறவர்களுக்கு. பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்றால் முதல் பாட்டிலிலிருந்தே பதிவு கட்டாயம், விற்பனை எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. சேலம்காரருக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. நமக்கு அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா, மதுரையைவிட பெங்களூர்தான் பக்கம், அதனால் நம் மாவட்டத்தில் சின்ன வியாபாரிகள் தெரியாமலே மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஜிஎஸ்டியில் காம்போசிஷன் என்று ஒரு சுலபத் திட்டம் இருக்கிறது, 1.5 கோடி வரை விற்பனை உள்ளவர்கள் எடுக்கலாம், விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். கேட்க நன்றாக இருக்கும், யாராவது ஆசை காட்டுவார்கள். அதில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்பக் கூடாது. ஆக உங்களுக்கு இரண்டே வழி. பெங்களூர் பார்சலை நிறுத்திவிட்டு 40 லட்சம் வரை பதிவே இல்லாமல் ஓட்டலாம், அல்லது சாதாரணப் பதிவு எடுத்து எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பாதி வாடிக்கையாளர்கள் அங்கே இருக்கும்போது நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் முன்பு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பாட்டில், லேபிள், கொரியருக்கு நீங்கள் கொடுக்கும் ஜிஎஸ்டியை இதில் கழித்துக்கொள்ளலாம், அதற்கு உங்கள் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டு வாங்க வேண்டும்.

8,000 விஷயம். ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. உத்யமும் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே போடலாம் (அதே மாதிரி தோற்றத்தில் காசு கேட்கிற போலித் தளங்கள் நிறைய, பார்த்துப் போங்கள்). ஆள் வைத்துச் செய்வதில் தப்பில்லை, ஆனால் பதிவுக்கு மட்டும் என்றால் 8,000 அதிகம். பேரம் பேசுவதானால் ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்) போடுவதையும் சேர்த்துப் பேசுங்கள். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் பூஜ்யம் என்று ரிட்டர்ன் போட்டாக வேண்டும், சின்ன வியாபாரத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் வசதியும் உண்டு. மாங்காய் சீசன் முடிந்ததும் கடையை மூடிவிட்டு இதை மறந்துவிடுவார்கள், தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

வருமான வரி உங்களுக்குப் பெரிய தலைவலி இல்லை. 2 கோடி வரை விற்பனை உள்ளவர்கள் உத்தேச லாபம் காட்டும் முறையில் போகலாம், வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். 15 லட்சமும் யுபிஐயில் வந்தால் 90,000 ரூபாய் லாபம். ஆனால் அது குறைந்தபட்சம்தான். உண்மையில் 4 லட்சம் லாபம் நின்றால் 4 லட்சம்தான் காட்ட வேண்டும், காட்டினாலும் வேறு வருமானம் இல்லாதவரை ஒன்றும் கட்ட வேண்டியதில்லை, 2025-26 கணக்குக்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது. சிலர் புத்திசாலித்தனமாக 90,000 என்றே போட்டுவிட்டு அடுத்த வருடம் வங்கியில் பத்து லட்சம் கடன் கேட்பார்கள். மேனேஜர் அந்த ரிட்டர்னைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்.

பாலக்கோடு மளிகை:
வெளி மாநில விஷயம் எனக்கே தெரியாது, திருத்தியதற்கு நன்றி சார். நான் புளியும் பருப்பும் உள்ளூரில்தான் விற்கிறேன், தப்பித்தேன்.

தொக்குக்காரி:
ரொம்ப நன்றி சார். ஷெட் மாமனார் பெயரில் உள்ள இடத்தில் வருகிறது, பரவாயில்லையா? அப்புறம் மானியக் கடன் என்று சொல்கிறார்களே, அதற்கு முன்னாடியே உத்யம் எடுத்துவிட்டால் நல்லதா?

பர்கூர் மசாலா மில்:
முதல் கேள்விக்கு: பரவாயில்லை அக்கா, மாமனாரிடம் ஒரு சம்மதக் கடிதம், கரண்ட் பில் அல்லது வீட்டு வரி ரசீது போதும்.

இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுங்கள். பிஎம்இஜிபி என்கிற மத்திய அரசு மானியக் கடன் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற யூனிட் என்று தெரிந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். நான் அவசரப்பட்டு மெஷினை முதலில் வாங்கிவிட்டு, பிறகு போய் நின்றேன், மானியம் போச்சு. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், உத்யம் போடுவதற்கும் முன், மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய், வீட்டு அடுப்பில் இதுவரை செய்ததையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். கிராமத்தில் பெண்கள் தொடங்கினால் 35 சதவீதம் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். ஆறு லட்சத்துக்கு நீங்கள் போடுவது 30,000, மானியம் 2,10,000. ஆனால் அந்த 2,10,000 கையில் வராது. உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று வருடம் கிடக்கும், தொழில் ஒழுங்காக ஓடினால் கடனில் கழிப்பார்கள். மானியம் வந்ததும் ஷெட்டுக்குக் கூரை போடலாம் என்று கனவு காண வேண்டாம்.

இன்னொன்று, இது என் அனுபவம். நமக்குச் செலவெல்லாம் ஏப்ரல் முதல் ஜூலைக்குள், வரவு வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக. மாங்காய், எண்ணெய், மிளகாய் வாங்க மாதத் தவணைக் கடன் எடுக்காதீர்கள், ஆடியில் தவணை கட்டக் கையில் காசிருக்காது. தண்டல்காரர் பக்கமும் போக வேண்டாம். சரக்குக்கு வங்கியில் நடப்பு மூலதனக் கடன் தனியாகக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் நாலு மாதத்துக்கு நகைக்கடன் எவ்வளவோ மேல்.

கணக்குப்பிள்ளை ஓசூர்:
மில்காரர் சொன்னது சரி. நான் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன், உண்மையில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்: வீட்டுக்காரர் கணக்கில் வியாபாரப் பணம் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்கு, அதற்குத் தனி க்யூஆர். 2025 ஜூலையில் பெங்களூரில் பேக்கரிக்காரர், டீக்கடைக்காரர், காய்கறிக்காரர் எல்லோருக்கும் யுபிஐ வரவை வைத்தே வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும், கடைக் கடையாக யுபிஐ ஸ்டிக்கரைக் கிழித்தார்கள். அதில் பலர் சொன்ன சமாதானம், வந்ததெல்லாம் விற்பனை இல்லை, கைமாற்றும் சீட்டுப் பணமும் அதில்தான் வந்தது என்பது. இருக்கலாம், ஆனால் எது எது என்று பிரித்துக் காட்டும் வேலை நம் தலையில் விழும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பெயர், தொகை எழுதுங்கள், சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம்.

லேபிள் அடிக்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாயிரம் லேபிளும் வீண்.

எலக்ட்ரானிக் சிட்டி தம்பி:
அக்கா, சொந்த ஊர் ஊத்தங்கரை. இரண்டு கிலோ தொக்கு இங்கே அனுப்ப முடியுமா?

தொக்குக்காரி:
மேலே படித்தீர்களா தம்பி? ஜிஎஸ்டி வரும் வரை பார்சல் கிடையாது. திங்கட்கிழமை தொழில் மையம் போகிறேன். கணக்குப்பிள்ளை சார், ஒரு சந்தேகம், இவர் ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனால்?

கணக்குப்பிள்ளை ஓசூர்:
தாராளமாக. பொருளை இங்கேயே கையில் கொடுத்துவிட்டு, பில்லில் பெங்களூர் முகவரி எழுதாதவரை அது தமிழ்நாட்டு விற்பனைதான்.

எலக்ட்ரானிக் சிட்டி தம்பி:
சனிக்கிழமை வருகிறேன். நாலு கிலோவாக எடுத்து வையுங்கள் அக்கா, ரூம்மேட்டும் கேட்கிறான்.