டிரம்ஸ் வாசிப்பவரை நிறுத்திவிட்டு லேப்டாப்பை வைக்கலாமா?

ஆறாம் தந்தி:
எங்கள் இசைக்குழுவில் ஐந்து பேர். பெரம்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலப் பழைய பாடல்களையும் கிளாசிக் ராக்கையும் வாசித்து வருகிறோம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நடனம், இடையிடையே ஓட்டல் நிகழ்ச்சிகள். சொந்தமாக ஒரு பாட்டும் போட்டதில்லை. போட ஆசைப்பட்டதும் இல்லை.

டிரம்ஸ் வாசிக்கும் அண்ணனுக்கு 63 வயது. போன ஆண்டு வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் கடைசி அரை மணி நேரம் கை தளர்ந்துவிடுகிறது. இப்போது ஓர் ஓட்டலில் வாரம் இரண்டு நாள் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். நான்கு பேருக்குத்தான் சம்பளமாம். டிரம்ஸை லேப்டாப்பில் பதிந்து ஓடவிடலாம் என்கிறார் எங்கள் கீபோர்டு நண்பர். பாடகரும் பேஸ் கிட்டார் வாசிப்பவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிறு ஒத்திகையில் முடிவெடுக்க வேண்டும். மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைக்கட்டை:
நானும் கீபோர்டு வாசிப்பவன்தான். உங்கள் நண்பர் சொல்வதே சரி. டிரம்ஸை ஏற்றி இறக்க ஒரு தனி வண்டி, மேடையில் பாதி இடம், ஒலி சரிபார்க்க ஒரு மணி நேரம். சாப்பிட வந்தவர்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு பேச முடியவில்லை என்று மேலாளரிடம் முறையிடுவார்கள். டிரம்ஸின் ஒலியைத் திருகிக் குறைக்க முடியாது; முன்பே பதிந்து ஓடவிடும் டிராக்கின் ஒலியைக் குறைக்கலாம். காலப்பிரமாணமும் கடைசிவரை அசையாது.

இது அசல் ராக் ஆகாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தி ஹூ குழு 1971இல் வெளியிட்ட ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ இசைத்தட்டில் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி ஓடிக்கொண்டே இருக்கும் பாடல்களை மேடையில் எப்படி வாசித்தார்கள் தெரியுமா? முன்பே பதிந்த நாடாவை ஓடவிட்டார்கள். அவர்களுடைய டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டபடியே டிரம்ஸ் வாசித்தார். அந்தப் பெரிய குழுவுக்கே இழுக்காகப் படாதது பெரம்பூர்க் குழுவுக்கு ஏன் இழுக்காக வேண்டும்?

பழைய தட்டு:
நான் வாசிப்பவன் இல்லை, வீட்டில் இசைத்தட்டுகள் சேர்ப்பவன். கேட்பவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பழைய பாட்டைக் கேட்க வருபவன் இசைத்தட்டில் கேட்டதையே கேட்க வருகிறான். யார் வாசிக்கிறார்கள் என்பது அவனுக்கு இரண்டாம் பட்சம். 1964 ஜூனில் உலகச் சுற்றுப்பயணம் கிளம்பும் நேரத்தில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாருக்குத் தொண்டை நோய் வந்தது. ஜிம்மி நிக்கோல் என்பவரை உட்காரவைத்துக்கொண்டு பீட்டில்ஸ் டென்மார்க்குக்கும் நெதர்லாந்துக்கும் ஹாங்காங்குக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். கூட்டம் குறைந்ததா? பீட்டில்ஸிலேயே ஆளை மாற்ற முடிந்தது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

டோலக்காரன்:
பழைய தட்டு ஐயா, பாதிக் கதையைத்தான் சொன்னீர்கள். ரிங்கோ இல்லாமல் போவதா என்று அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் முரண்டு பிடித்தார். பேசித்தான் சம்மதிக்க வைத்தார்கள். நிக்கோலை ஏன் பிடித்தார்கள்? பீட்டில்ஸ் பாடல்களை மறுபதிவு செய்த மலிவு விலை இசைத்தட்டு ஒன்றில் அவர் ஏற்கெனவே டிரம்ஸ் வாசித்திருந்தார். அதாவது, பிறர் பாட்டை வாசிக்கும் ஒரு கவர் கலைஞர்தான் அன்றைக்குக் கைகொடுத்தார். ஆளுக்குப் பதில் ஆள். நாடாவைக் கொண்டுவந்து வைக்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிசைக் குழு ஒன்றில் டோலக் வாசித்துக்கொண்டிருந்தேன். தபேலா, டோலக், காங்கோ, டிரம்ஸ் என்று தாளத்துக்கே நான்கு பேர் இருந்தோம். 2004 வாக்கில் குழுத் தலைவர் ஒரு பகல் முழுவதும் என்னை உட்காரவைத்து ஒவ்வோர் அடியையும் தனித்தனியாகப் பதிந்தார். வலக்கை விரல் அடி, உள்ளங்கை அடி, இடப்பக்கம் மணிக்கட்டால் அழுத்தி இழுக்கும் கும்காரம், எல்லாம். கும்காரம் சரியாக விழவில்லை என்று நானே திரும்பத் திரும்ப வாசித்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அதே குழு. நான் கீழே கூட்டத்தோடு மணலில் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் ஒருவர், தட்டினால் பதிந்த ஒலியைத் தரும் ரிதம் பேடைக் குச்சியால் தட்டுகிறார். வருவது என் கும்காரம். பக்கத்தில் இருந்த என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

தம்பி ஆறாம் தந்தி, அந்த அண்ணனை லேப்டாப்புக்காகப் பதிவு செய்யக் கூப்பிடாதீர்கள். அந்தப் பாவம் வேண்டாம்.

வெள்ளைக்கட்டை:
டோலக்காரன் அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் பதிந்த தாளத்தை ஓட்டும் அதே பெட்டிதான் எனக்குச் சோறு போடுகிறது. நானும் ஒரு பாடகியும் மட்டுமே ஒரு குழு. எட்டுப் பேருக்குக் கொடுக்க வசதியில்லாத வீடுகளில், மொட்டைமாடிப் பிறந்தநாள் விழாக்களில் நாங்கள் வாசிக்கிறோம். டிராக் இல்லை என்றால் அந்த வீட்டுக்காரர் எட்டுப் பேரை அழைக்க மாட்டார். பென்டிரைவில் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

பொன்மலைப் பெண்:
வாசிப்பவர்களும் கேட்பவர்களும் பேசுகிறீர்கள். ஆடுகிறவர்களை யாரும் நினைக்கவில்லை. நான் திருச்சி பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா பணிமனையில் வேலை பார்த்தார். ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனம் என்றால் இசைக்குழு நேரில் வாசிக்கும். வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், ஜைவ் என்று வரிசையாகப் போகும்.

அப்பா, அம்மாவின் ஐம்பதாவது திருமண நாளுக்கு இப்படிப்பட்ட குழு ஒன்றைத்தான் அழைத்திருந்தோம். முதல் நடனம் அவர்களுடையது. அப்பாவுக்கு அப்போதே இடது முழங்கால் மடங்காது. கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டார். டிரம்ஸ் வாசித்தவர் கையில் குச்சி இல்லை, கம்பி பிரஷ் இருந்தது. அவர் தன் வாத்தியத்தைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும் தாளத்தில் அந்த ‘ஒன்று’ அப்பாவின் இடது கால் தரையைத் தொடும்வரை காத்திருந்தது. பாடியவரும் அதைப் புரிந்துகொண்டு வரியை இழுத்தார். திரும்பும் இடத்தில் அப்பா தடுமாறினார். பிரஷ் தோலின் மேல் உரசிக்கொண்டே நின்றது, அவர் நிமிரும்வரை. பிறகு மறுபடி ‘ஒன்று’. அப்பா இப்போது இல்லை. அந்த உரசல் ஒலி எனக்கு இன்னும் கேட்கிறது.

லேப்டாப்புக்கு என் அப்பாவின் கால் தெரியுமா?

வெள்ளைக்கட்டை:
அக்கா, அந்த ஒரு நடனத்துக்கு டிராக் ஆகாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் கேட்பது ஓட்டல் வேலையைப் பற்றி. அங்கே யாரும் ஆடப்போவதில்லை.

பழைய தட்டு:
நானும் பொன்மலை அம்மையாரின் பதிவை இரண்டு முறை படித்தேன். என் வாதத்தில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். யார் வாசிப்பது என்பது இரண்டாம் பட்சம் என்றது இருக்கையில் உட்கார்ந்து கேட்பவனுக்கு மட்டுமே பொருந்தும். ஆனால் கடைசி அரை மணி நேரம் தாளம் தளர்கிறது என்று அவர் குழுவினரே சொல்கிறார்கள். அதையும் மறைக்கக் கூடாது. பாசத்துக்காகத் தளர்ந்த பாட்டைக் கொடுப்பது கேட்பவனுக்குச் செய்யும் நியாயம் அல்ல.

டோலக்காரன்:
தளர்ந்தால் கைமாற்ற இன்னொரு கை வேண்டும். லெட் செப்பலின் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் போன்ஹாம் 1980 செப்டம்பரில் இறந்தார். அவர் இல்லாமல் தொடரப்போவதில்லை என்று குழு அந்த டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. அந்த அளவுக்கு உங்களைப் போகச் சொல்லவில்லை. தி ஹூ கதையிலும் மிச்சம் இருக்கிறது. 1973 நவம்பரில் நியூகாசிலில் நாடா நேரம் தவறி ஓடியது. குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் ஒலிக் கட்டுப்பாட்டாளரைப் பிடித்து இழுத்து, நாடாக்களை மேடையிலேயே பிய்த்தெறிந்தார். பாடகர் ஓரடி முன்னே போய்விட்டால் டோலக் அவரைத் துரத்திப் பிடிக்கும். நாடா பிடிக்காது.

ஆறாம் தந்தி:
ஞாயிறு ஒத்திகை முடிந்தது. பொன்மலைப் பெண், உங்கள் பதிவை நால்வருக்கும் படித்துக் காட்டினேன். பேஸ் கிட்டார்காரர் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

நான்கு பேர் சம்பளத்தை ஐந்தாகப் பிரிப்போம் என்றேன். டிரம்ஸ் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்குப் பிச்சை போடாதே, வேலை கொடு” என்றார். பிறகு அவரே வழி சொன்னார். ஓட்டலுக்கு முழு டிரம்ஸ் வேண்டாம். பேஸ் டிரம், ஸ்னேர், ஹைஹாட் மட்டும், பெரும்பாலும் பிரஷ். இடமும் சத்தமும் குறையும். கடைசி அரை மணி நேரம் அவரிடம் கற்றுக்கொள்ளும் கல்லூரி மாணவி வாசிப்பாள். அந்த அரை மணிக்கான பணம் அவர் பங்கிலிருந்து அவளுக்குப் போக வேண்டும்.

கீபோர்டு நண்பர் மூன்று மாதத்துக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். பங்கு குறைவதில் அவருக்கு வருத்தம்தான். பிள்ளைகள் படிக்கிறார்கள், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வரும் வெள்ளி முதல் நாள்.

வெள்ளைக்கட்டை:
என் கருத்து மாறவில்லை. மூன்று மாதம் கழித்துக் கணக்கோடு வந்து எழுதுங்கள். அதற்கு முன் ஒன்று: ஓட்டல் தரை பளிங்காக இருந்தால் பேஸ் டிரம் மிதிக்க மிதிக்க முன்னால் வழுக்கிக்கொண்டே போகும். அதை இழுத்து இழுத்து வைத்தால் அவருடைய தோள்தான் வலிக்கும். வீட்டிலிருந்து ஒரு கனமான கம்பளம் கொண்டுபோய் அடியில் விரித்துக்கொள்ளுங்கள்.