பிட்காயினைச் சொந்த வாலெட்டுக்கு (காசின் சாவியை நாமே வைத்திருக்கும் செயலி அல்லது கருவிக்கு) மாற்றினால் மட்டும் அந்தரங்கம் கிடைத்துவிடுமா?

தேக்கா குமரன்:
எக்ஸ்சேஞ்சிலிருந்து (பிட்காயின் வாங்கி விற்கும் நிறுவனத்திலிருந்து) எடுத்துவிட்டால் இனி யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். இங்கே சிங்கப்பூரில் உரிமம் பெற்ற எந்த எக்ஸ்சேஞ்சிலும் அடையாளத்தைக் காட்டாமல் கணக்குத் திறக்க முடியாது. வெளியே எடுக்கும்போதும், காசு போகும் வாலெட் முகவரி உங்களுடையதுதானா என்று கேட்பார்கள்; சில இடங்களில் சின்னத் தொகை அனுப்பச் சொல்லியோ வாலெட்டின் சாவியால் கையொப்பம் கேட்டோ சரிபார்ப்பார்கள். முகவரி உங்கள் பெயரோடு பதிவாகிவிட்டது. அதற்குப் பின் வாலெட்டில் என்ன செய்தும் பயனில்லை. அந்தரங்கம் வேண்டுமானால் ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்குங்கள்.

பொங்கோல் மீனா:
எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும், சரி. அதற்காக நான் காசு கொடுக்கும் கடைக்காரருக்கும், சங்கிலியை (எல்லாப் பரிவர்த்தனைகளும் பதிவாகும் பொதுப் பேரேட்டை) மேயும் திருடனுக்கும் என் இருப்பு முழுவதும் தெரிய வேண்டுமா? இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது 0.03 பிட்காயின், நண்பர் தந்தது 0.004 என்று வைத்துக்கொள்வோம். வாலெட்டுக்குள் இவை தனித்தனிக் காசுகள். 0.002 கொடுக்கும்போது 0.03-ஐ உடைத்தால், ஏறக்குறைய 0.028 மீதியாக உங்களிடமே திரும்புவதைப் பெற்றவர் பார்க்கலாம். 0.032 கொடுக்கப்போனால் வாலெட் இரண்டையும் சேர்த்தே அனுப்பும்; ஒரே பரிவர்த்தனையில் செலவான காசுகள் ஒரே ஆளுடையவை என்றுதான் சங்கிலியை அலசும் ஆய்வு நிறுவனங்கள் கணக்குப் போடுகின்றன. நண்பரும் உங்கள் கேஒய்சி (எக்ஸ்சேஞ்சில் காட்டிய அடையாள) வரலாறும் அந்த நொடியிலேயே இணைந்துவிடும்.

ஸ்பாரோ என்ற வாலெட் செயலியில் காசுகளின் பட்டியலைத் திறந்து, வந்த இடத்தை ஒவ்வொன்றிலும் குறித்து வையுங்கள். 0.002-க்கு நண்பரின் 0.004-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். கேட்காமல் வந்து விழுந்த 546 சடோஷி (ஒரு சடோஷி என்பது பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) போன்ற தூசியை முடக்கிவிடுங்கள். மற்ற காசோடு அதையும் சேர்த்துச் செலவழித்து உங்களை நீங்களே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி. இவ்வளவுதான் வேலை, இதையே பலர் செய்வதில்லை.

தேக்கா குமரன்:
பட்டியல் போட்டுப் பிரிப்பீர்கள், அதே வாலெட்டை, இருப்பைச் சொல்லும் பிறருடைய பொதுச் சர்வரோடு இணைப்பீர்கள். உங்கள் எல்லா முகவரிகளின் இருப்பையும் ஒரே இணைப்பில் விசாரித்தால் அவை ஒருவருடையவை என்று சர்வருக்குத் தெரியாதா? இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகப் போனாலும் ஐபி மட்டும்தான் மறையும், முகவரிகளுக்கு இடையிலான தொடர்பு மறையாது. எக்ஸ்பப்பையே (எல்லா முகவரிகளையும் உருவாக்கும் பொதுச் சாவியையே) அனுப்பும் வாலெட் என்றால் இனி வரப்போகும் முகவரிகளும் அவர்கள் கையில்.

நோட் நடத்துபவர்:
குமரன் இதில் சொல்வது முழுக்க உண்மை. தீர்வு சொந்த நோட், அதாவது சங்கிலியைத் தானே இறக்கிச் சரிபார்க்கும் உங்கள் கணினி; வாலெட் அதனிடமே இருப்பைக் கேட்கும். பிட்காயின் கோர் என்ற நோட் மென்பொருளில் முழுச் சங்கிலிக்கு 600 ஜிபிக்கு மேல் பிடிக்கும், அதனால் 1 டிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். இடமில்லையென்றால் புரூன் (பழையதை அழித்து இடம் மிச்சப்படுத்தும்) அளவை 550 எம்பி வரை குறைக்கலாம். பழைய பிளாக்குகளை (சங்கிலியின் பகுதிகளை) சரிபார்த்தபின் அழித்துக்கொண்டே போகும். இறக்குவது மட்டும் முழுச் சங்கிலிதான். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அழித்து முடிந்தபின் பழைய வாலெட்டைச் சேர்த்தால் பழைய வரவுகளைத் தேட அதனிடம் பிளாக் இருக்காது, இருப்பு குறைவாகக் காட்டும். காசு தொலையவில்லை, பதற வேண்டாம். புரூன் நோட்டில் புது வாலெட் தொடங்குவதே நல்லது.

ஜூரோங் செல்வம்:
1,500 வெள்ளிக்கு உட்பட்டுப் பிரித்து எடுத்தால் விவரம் எதுவும் போகாது என்கிறார்களே?

பொங்கோல் மீனா:
போகும், செல்வம். நாணய ஆணையத்தின் விதிப்படி ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பும்போது 1,500 வெள்ளிக்குக் கீழேயும் இருதரப்புப் பெயரும் கணக்கு எண்ணும் போகும். அதைத் தாண்டினால் அனுப்புபவரின் வசிப்பிட முகவரி, அடையாள எண் போன்ற கூடுதல் விவரம் சேரும். பிரித்துப் பிரித்து எடுப்பதே சந்தேகப் புகாருக்குக் காரணமாகும். அதைச் செய்யாதீர்கள்.

குமரன் சொல்லும் நேரடி வாங்கலிலும் எனக்கு உடன்பாடில்லை. பேநவ் (வங்கிகளின் உடனடிப் பணமாற்று) வழியாகக் கொடுத்தால் எதிராளிக்கு உங்கள் பெயர் தெரியும், வங்கியிலும் பதிவாகும். விற்கும்போது இன்னும் மோசம்: உங்களுக்கு வந்தது மோசடியில் ஏமாந்தவரின் பணமாக இருந்தால் விசாரணைக்காகக் கணக்கு முடங்கும். அந்தரங்கம் தேடிப்போய் போலீசிடம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

தேக்கா குமரன்:
தெரிந்தவரிடம், ரொக்கத்தில் வாங்கலாம். தொழிலாகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் தகவல் கசிந்தால் உங்கள் காசுப் பிரிப்பு காப்பாற்றாது. எக்ஸ்சேஞ்ச் மட்டுமல்ல, 2020இல் வன்பொருள் வாலெட் (சாவியை வைக்கும் சிறு கருவி) விற்கும் லெட்ஜர் நிறுவனத்திடமிருந்தும் சுமார் 272,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் வெளியானது. வன்பொருள் வாலெட் வாங்கியவர் என்பதே மிரட்டுபவனுக்குப் போதும்.

பொங்கோல் மீனா:
அதற்கு வழி, கருவியை வாங்கும்போதே தனி மின்னஞ்சல் கொடுப்பதும், வீட்டுக்கு வரவழைக்காமல் புளோக் அருகே உள்ள பார்சல் லாக்கரில் எடுப்பதும். ரொக்கம் தெரிந்தவரிடமிருந்து வந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பின்னாளில் வங்கி பணத்தின் மூலம் கேட்டால் காட்ட, தேதி, தொகை, வெள்ளி மதிப்பு மூன்றையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஜூரோங் செல்வம்:
அந்தரங்கத்துக்கென்றே உள்ள மொனேரோ என்ற நாணயமாக மாற்றி வைத்தால்?

நோட் நடத்துபவர்:
ஒவ்வொரு செலவிலும் உண்மைக் காசு 15 போலிகளோடு கலந்து நிற்கும், தொகையும் மறையும். ஆனால் ஒரு எக்ஸ்சேஞ்சில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் அதே தொகையை இன்னொன்றில் போட்டால் நேரமும் தொகையுமே பொருத்திக் காட்டிவிடும். பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் மொனேரோவைப் பட்டியலிலிருந்து நீக்கியது, வேறு சில இடங்களும் அப்படியே. வாங்குவதற்கு முன் எங்கே விற்பீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூலம் காட்ட வேண்டி வந்தால் வியூ கீயை (பார்க்க மட்டும் உதவும் சாவியை) கொடுத்து வரவுகளை மட்டும் காட்டலாம். செலவு செய்யும் சாவியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.