மறு: கோரம் சென்சிங் – குறைவெண் உணர்தலா, திரளுணர்தலா?

> குறைவெண் உணர்தல் என்றே வைத்துக்கொள்ளலாமே. சட்டமன்றத்தில் பழகிய சொல்தானே.

ஐயா, வணக்கம். பாக்டீரியா தன் கூட்டம் போதுமான அளவு பெருகிவிட்டதை உணர்ந்து நடத்தையை மாற்றிக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் கோரம் சென்சிங் என்கிறார்கள். கோரம், அதாவது குறைவெண், சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. இதற்கான தமிழ்ச் சொல்லைப் பற்றித்தான் நம் பேச்சு.

சட்டமன்றம் இருக்கட்டும். வேலூர் மாவட்டத்தில் எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக் கிராம சபையில் "கோரம் சேரல, இன்னும் நாலு பேரக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள். 500க்கு மேல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 தலை வேண்டும். தலை எண்ணுகிற வேலை அது. பாக்டீரியா தலை எண்ணுவதில்லை, என் சிக்கலே அதுதான்.

கத்திரியையே எடுத்துக்கொள்வோம். (நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரி 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) கத்திரிக்கும் தக்காளிக்கும் வாடல் நோய் தரும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா, கொஞ்சமாக இருக்கும்போது ஒரு பிழைப்பு, பெருகியதும் வேறு பிழைப்பு நடத்துகிறது. முதலில் கசையிழை என்ற வால் போன்ற இழையால் நீந்தும், கிடைத்ததைத் தின்னும், வேருக்குள் நுழையும். மில்லிலிட்டருக்குச் சுமார் 1 கோடி செல் ஆனதும் பிஎச்சிஏ (PhcA) என்ற, மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்யும் நெறிப்படுத்திப் புரதம் விழித்துக்கொள்கிறது. நீந்தும் மரபணுக்கள் அடங்கி, பிசின் சுரக்கும் மரபணுக்கள் கிளம்புகின்றன. செடிக்குள் நீரை மேலேற்றும் சைலக் குழாய் அடைத்து, பச்சையாகவே செடி தொங்கிவிடும். தண்டை அறுத்து டம்ளர் தண்ணீரில் பிடித்தால் பால் நூலாக இறங்குமே, அந்தப் பிசினும் செல்களும்தான். நாலே செல் இருக்கும்போது இதைச் சுரந்தால் அத்தனையும் தண்டச் செலவு.

எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு செல்லும் கொழுப்பு அமில எஸ்டர் என்ற வேதிப்பொருளைச் சமிக்ஞையாக வெளியே விடுகிறது, அது வெளியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் உணர்கிறது. குடியாத்தத்தில் கதவடைத்த அறையில் நாலு பேர் பீடி பிடித்தாலே கண் எரியும். மைதானத்தில் நாற்பது பேர் பிடித்தாலும் தெரியாது. குறுகிய சைலக் குழாயும் அடைத்த அறைதான். ஆகவே சொல்லில் 'எண்' வரக்கூடாது.

1994இல் ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்கள் சபை வழக்கிலிருந்து எடுத்தார்கள். நாம் தயிர்ப் பானையிலிருந்து எடுப்போம். கடையக் கடைய ஒன்றும் இல்லை, திடீரென்று வெண்ணெய் திரண்டு நிற்கும். கூடுவதும், ஒரு கட்டத்தில் நிலை மாறுவதும் 'திரள்' என்ற ஒரே சொல்லில் இருக்கின்றன. என் பரிந்துரை: திரளுணர்தல்.

---

தம்பி,

பீடிக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். எண்ணை எடுத்துவிடுவோம். ஆனால் பயோமாஸுக்கு உயிரித்திரள் என்று ஏற்கெனவே ஒரு சொல் ஓடுகிறது, மாணவன் குழம்பமாட்டானா? அப்புறம், அந்தச் சமிக்ஞையை நொதியால் உடைத்து நோயை மட்டுப்படுத்தும் முறைக்கு என்ன சொல்வீர்கள்? கிளைச்சொல் பிறக்காத வேர்ச்சொல் எனக்கு வேண்டாம்.

---

ஐயா,

உயிரித்திரளில் அது பெயர், இங்கே வினை. 'திரண்டதை உணர்தல்' என்று ஒருமுறை விரித்துக் காட்டினால் போதும். நீங்கள் கேட்ட கிளைச்சொல்லுக்குத் திரள்கலைப்பு என்று எழுதி, உடனே அடித்துவிட்டேன். அந்த நொதி கூட்டத்தைக் கலைப்பதில்லை. செல்கள் அங்கேயேதான் இருக்கின்றன, சேதி மட்டும் போய்விடுகிறது. திரளுணர்வுத் தடுப்பு சரியாக வருகிறது, நாக்குதான் தடுக்குகிறது. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருக்கிறதா?