ஆறு வாரம் படித்துவிட்டு "என்.ஐ.எஸ். கோச்" என்று பேனர் வைக்கலாமா?

பழைய_தடகளம்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டத்துக்கு இரண்டு வருடம் வீணாக்காதீர்கள், ஆறு வாரம் என்.ஐ.எஸ். போய் வந்தால் கோச் ஆகிவிடலாம்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பட்டியாலாவில் உள்ள அதே தேசிய விளையாட்டு நிறுவனத்தில், அதாவது என்.ஐ.எஸ்.ஸில், ஒரு வருட கோச்சிங் டிப்ளமோ முடித்தவன் நான். உடலியங்கியலும் பயோமெக்கானிக்ஸும் படித்து, காலையும் மாலையும் மைதானத்தில் நின்று வாங்கியது. அதுவும் ஆறு வாரமும் ஒன்றா?

மைதானப்புலி: எழுதியது நான்தான். ஆறு வாரப் படிப்பை நடத்துவதும் அதே என்.ஐ.எஸ். தானே? உங்களுக்கு ஏன் எரிகிறது?

பழைய_தடகளம்: அப்படியானால் பேனரில் "ஆறு வாரம்" என்றும் சேர்த்துப் போடுங்கள். ஏன் மறைக்கிறீர்கள்?

சேலத்து_அப்பா: என் மகள் 800 மீட்டர் ஓடுகிறாள். முழங்காலுக்குக் கீழே வலி என்றாள். "ஷின் பெயின் எல்லாருக்கும் வரும், ஸ்ப்ரே அடிச்சிட்டு ஓடு" என்றார் கோச். எலும்பில் ஒரே ஒரு இடம், விரல் வைத்தால் துடித்துப்போவாள். ஸ்கேன் எடுத்தால் விரிசல். அவர் பேனரிலும் என்.ஐ.எஸ். இருக்கிறது, எத்தனை வாரம் என்று இல்லை.

பிசியோ_தம்பி: வலி கால் நீளத்துக்குப் பரவியிருப்பது வேறு, ஒரு புள்ளியில் குத்துவது வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் நாங்கள் பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டத்துக்கு நான்கு வருடமும் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப்பும் முடித்தோம். ஆறு வாரமோ ஒரு வருடமோ, கோச் காயத்தில் கை வைக்கக் கூடாது.

பழைய_தடகளம்: தம்பி, மாவட்டப் போட்டிக்கு எத்தனை பிசியோ வருகிறீர்கள்? மே மாத வெயிலில் பிள்ளை சுருண்டு விழுந்தால் தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர வைப்பது யார்?

பிசியோ_தம்பி: சம்பளம் கேட்டால் "சர்வீஸா நினைச்சுக்கோங்க" என்கிறீர்கள். அப்புறம் யார் வருவார்?

மைதானப்புலி: பி.டி. உஷாவின் கோச் நம்பியார் சார் விமானப்படைக்காரர். சான்றிதழைப் பார்த்தா உஷா ஓடினார்?

பழைய_தடகளம்: தெரியாமல் பேசாதீர்கள். நம்பியாரும் பட்டியாலாவில் டிப்ளமோ படித்தவர்தான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் உஷா வெண்கலத்தை நூற்றில் ஒரு பங்கு நொடியில் இழந்தார். மறுவருடம் நம்பியாருக்கு துரோணாச்சாரியா விருது. ஆறு வாரத்தில் வந்ததில்லை அது.

மைதானப்புலி: சரி, உங்கள் டிப்ளமோ எத்தனை உஷாவைக் கொடுத்தது? என் பிள்ளைகள் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கும்போது நீங்கள் மேடையில் சால்வைக்குக் காத்திருந்தீர்கள்.

பழைய_தடகளம்: அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் என்னிடம் ஓடிக்கொண்டிருந்தவர்கள். ஷூ வாங்கித் தருகிறேன் என்று இழுத்துப்போனது யார்?

மைதானப்புலி: வாங்கித் தந்தேன். நீங்கள் தந்தீர்களா?

நந்தனம்_மாணவி: ஒய்.எம்.சி.ஏ.வில் பி.பி.எட். படிக்கிறேன். 1920இல் தொடங்கிய கல்லூரி. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு ஆறு வாரச் சான்றிதழை மட்டும் நீட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். இரண்டு வருடம் எப்படி வீண்? முடித்த பிறகு பட்டியாலா டிப்ளமோவா, எம்.பி.எட்.டா, யாராவது சொல்லுங்களேன்?

மைதானப்புலி: அரசு வேலைக்குக் காத்திருந்து வயதைத் தொலைக்கவா? அகாடமி வைம்மா.

பழைய_தடகளம்: எதை வைத்து? ஆறு வாரத்தை வைத்தா? அந்தப் பேனரை முதலில் கழற்றுங்கள்.

மைதானப்புலி: கழற்ற மாட்டேன்.