தாத்தாவின் பேரேட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும்: மா, காணி, முந்திரிக் குறிகளை எழுத வழி உண்டா?

கணக்குப்பேரன்:

வணக்கம். கேள்வி சின்னது, கதைதான் கொஞ்சம் நீளம்.

என் அப்பாவைப் பெற்ற தாத்தா மன்னார்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் கணக்குப்பிள்ளை. 1961 வரை அவர் எழுதிய நான்கு பேரேடுகளும் ஒரு நாள்வழியும் ஊர் வீட்டுப் பரணில் கிடந்தன. வீட்டை இடிக்கப் போகிறோம் என்றதும் டிரங்குப் பெட்டியோடு சென்னைக்குத் தூக்கி வந்துவிட்டேன். ஓரங்களைக் கரையான் தின்றிருக்கிறது, மற்றபடி எழுத்து பளிச்சென்று இருக்கிறது.

எக்செலில் ஏற்றத் தொடங்கினேன். பெயர், ஊர், குத்தகை நெல் எல்லாம் சரியாகப் போயின. நிலத்தின் அளவு வரும்போதுதான் முட்டிக்கொண்டது. தாத்தா எல்லாவற்றையும் வேலி என்ற நில அளவின் பின்னமாக, பழைய குறிகளால் எழுதியிருக்கிறார். அத்தைக்குக் குறிகள் தெரியும். அவர் படிக்கப் படிக்க நான் தசமமாக மாற்றி அடித்தேன். மா என்றால் 0.05, காணி 0.0125, முந்திரி 0.003125. முதல் பேரேடு அப்படியே முடிந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

அப்புறம்தான் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. ஒரே பக்கத்தில் இரண்டு பேருக்கு 0.1875 என்று இருந்தது. ஆளுக்கு மூன்றே முக்கால் மா, இன்றைய கணக்கில் சுமார் ஒன்றேகால் ஏக்கர். சந்தேகம் வந்து பேரேட்டைத் திருப்பிப் பார்த்தால், ஒருவருக்கு மூவீசம் (3/16) என்று ஒரே குறி. மற்றவருக்கு அரைக்கால் (1/8), பக்கத்தில் வீசம் (1/16) என்று இரண்டு குறிகள். அத்தையிடம் கேட்டேன். “அவருக்கு அரைக்கால் அப்பா வழியில் வந்தது. வீசம் பிள்ளையில்லாத சித்தப்பா எழுதிவைத்தது. இரண்டும் வேற வேற துண்டு, அதான் உங்க தாத்தா சேர்த்து எழுதல” என்றார்.

என் எக்செலில் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். சித்தப்பாவே இல்லாமல் போய்விட்டார். முதலிலிருந்து மறுபடி அடிக்கத் தயார். ஆனால் தாத்தா எழுதிய குறிகளை அப்படியே அடிக்க முடியுமா?

---

எழுத்துருப்பித்தன்:

முடியும் நண்பரே. 2019க்கு முன்னால் கேட்டிருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பேன்.

உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு 1991இல் வந்தபோது தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். வரிசை இந்திய எழுத்துகளுக்கான 1988 இஸ்கி முறையை ஒட்டியது. தேவநாகரித் தொகுதியில் ‘க’ எத்தனையாவது இடமோ, தமிழிலும் அதே இடம். நமக்கு ‘க’ வர்க்கத்தில் ஒரே எழுத்து என்பதால் அடுத்த மூன்று இடங்களும் இன்றுவரை காலி மனைதான். இப்படி எத்தனையோ காலி மனைகள் இருந்தும் பின்னங்களுக்கு அங்கே குடியேற அனுமதி கிடைக்கவில்லை. பத்து, நூறு, ஆயிரத்துக்கான ௰, ௱, ௲ முதலிலேயே வந்துவிட்டன. கல்யாணப் பத்திரிகையில் பார்க்கிறோமே ௵, ௴, ௳, அவை 2003இல். தமிழ்ச் சுழியம் ௦ 2005இல். பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் 2019 மார்ச்சில் யூனிகோடு 12 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘தமிழ் சப்ளிமென்ட்’ என்று தனித் தொகுதி, மொத்தம் 51 குறிகள். முந்திரியிலிருந்து முக்கால் வரை பின்னங்கள், உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், வராகன், வேலி, குழி, நன்செய், புன்செய், உப்பளத்துக்குக்கூட ஒரு குறி. அரைக்கும் வீசத்துக்கும் இரண்டிரண்டு வடிவங்கள்.

கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவை இறக்கி நிறுவுங்கள், இலவசம்தான். நான் பயன்படுத்தும் விசைப்பலகை எதிலும் இந்தக் குறிகள் இல்லை. அதனால் ஒரு தாளில் வரிசையாக ஒட்டிவைத்துக்கொண்டு நகலெடுத்துப் போடுகிறேன். உதாரணத்துக்கு மா: ???? காணி: ???? வீசம்: ????

திருத்தம்: பார்த்தீர்களா, இந்தத் தளமே விழுங்கிவிட்டது! சாதாரணத் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். இந்தப் பின்னங்கள் ஈமோஜியைப் போல நான்கு பைட். மூன்றோடு நிறுத்திக்கொள்ளும் பழைய தரவுத்தளங்கள் இரண்டையும் துப்பிவிடும். இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் நான்கு பைட்டையும் ஏற்பதற்குக் காரணம் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள்தான். நம் காணியும் முந்திரியும் அந்தப் பல்லக்கில் தொற்றிக்கொண்டு போகின்றன.

இன்னொன்று. படமெடுத்து, எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் மென்பொருளில் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். ௧ என்பதை ‘க’ என்றும் ௮ என்பதை ‘அ’ என்றும் படித்து வைக்கும். கால் குறியோ பார்ப்பதற்கு ‘வ’ மாதிரியே இருக்கும்.

---

பிட்டும்பைட்டும்:

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதெல்லாம் தேவையா? முந்திரி 1/320. 320 என்பது இரண்டை ஆறு முறை பெருக்கி ஐந்தால் பெருக்கியது. அதனால் உங்கள் பின்னங்கள் எல்லாமே ஆறு தசம இடத்துக்குள் மிச்சமில்லாமல் முடிந்துவிடும். எண்ணில் ஒரு துளியும் சேதாரம் இல்லை. குறியாக அடித்தால் எக்செலில் கூட்டவும் முடியாது, தேடவும் முடியாது. சித்தப்பா விவகாரத்துக்குப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி போட்டால் போதாதா?

---

திண்ணைப்பள்ளி:

தம்பி கணக்குப்பேரா, உங்கள் அத்தைக்கு என் நமஸ்காரம். அவரை உட்காரவைத்து முழுவதையும் படிக்கச் சொல்லிக் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். குறியைவிட அவசரம் அதுதான்.

எனக்கு 74 வயது, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. என் அப்பா திண்ணைப் பள்ளியில் எண்சுவடி (பழைய வாய்ப்பாட்டு நூல்) படித்தவர். பின்னத்தை எழுதிப் பார்த்துக் கூட்ட மாட்டார், வாயாலேயே கூட்டுவார். காலே அரைக்கால் என்றால் எட்டில் மூன்று, அரையே அரைக்கால் என்றால் எட்டில் ஐந்து. சொல்லும்போதே எதையும் எதையும் சேர்த்தோம் என்பது அதில் இருக்கும். உங்கள் தாத்தா செய்திருப்பதும் அதுதான். அந்த வரியை அவர் வாய்க்குள் ‘அரைக்காலே வீசம்’ என்று சொல்லிக்கொண்டேதான் எழுதியிருப்பார்.

இந்தப் பின்னங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்றைப் பாதி பாதியாக அறுத்துக்கொண்டே போனால் அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். இருபதில் ஒன்றான மாவை அறுத்தால் அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி. வேலிக்கு இருபது மா என்பதால் நம் டெல்டாவில் மா என்பது நிலத்தின் பெயராகவே நின்றுவிட்டது. அதற்கும் கீழே போக வேண்டுமானால் முன்னால் ‘கீழ்’ போட்டுக்கொள்வார்கள். கீழ்முந்திரி என்றால் 1,02,400இல் ஒன்று. எந்த வயலை அப்படி அளந்தார்கள் என்று கேட்காதீர்கள், வாத்தியார்களுக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகம்தான்.

பிட்டும்பைட்டும் தம்பிக்கு ஒன்று. ரூபாயில் வீசம் என்றால் ஓரணா. 1957 ஏப்ரலில் புதுப் பைசா வந்தபோது எனக்கு ஏழு வயது. அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். “அந்தக் காலை யார் தின்றார்கள்?” என்று அப்பா வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

---

பிட்டும்பைட்டும்:

அம்மா, உங்கள் இரண்டு குடும்பங்களைப் படித்ததும் பைத்தான் நிரல்மொழியைத் திறந்து பார்த்தேன். பாதி தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

கணினி உள்ளே இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும்) நடப்பதால் வீசத்தின் குடும்பம் அதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. அரைக்காலையும் வீசத்தையும் கூட்டினால் 0.1875, சுத்தமாக வருகிறது. மாவின் குடும்பத்தில் ஐந்து இருக்கிறதே, அது இரண்டடிமானத்தில் முடியாது. 0.05ஐ மூன்று முறை கூட்டச் சொன்னால் மும்மா (0.15) வர வேண்டும். வந்தது 0.15000000000000002. ‘துளியும் சேதாரம் இல்லை’ என்று நான் சொன்னது காகிதத்தில்தான் சரி. எக்செல் 15 இலக்கத்தோடு காட்டுவதை நிறுத்திக்கொள்வதால் இந்த வால் நம் கண்ணில் படுவதில்லை.

கணக்குப்பேரன், தசமத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் முந்திரியில் முழு எண்ணாக வையுங்கள். மா 16, காணி 4, வீசம் 20, அரைக்கால் 40. வால் முளைக்காது, கூட்டவும் முடியும். ஆனால் அதிலும் மூவீசம் 60, அரைக்காலே வீசமும் 60. சித்தப்பா அதில் வர மாட்டார், அது உண்மைதான்.

---

கணக்குப்பேரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து மூன்று பத்திகளாகப் பிரித்துவிட்டேன். முதல் பத்தியில் தாத்தாவின் குறிகள் அப்படியே, அவர் விட்ட இடைவெளி உட்பட. இரண்டாவதில் அத்தை வாயால் சொல்வது சொற்களாக, அதாவது ‘அரைக்காலே வீசம்’. மூன்றாவதில் முந்திரிக் கணக்கு. தேடும்போது உதவுவது இரண்டாவது பத்திதான். குறி தெரியாத என் தங்கைகூட ‘காணி’ என்று அடித்து எடுத்துவிடுகிறாள். அத்தையின் குரலையும் கைபேசியில் பதிய ஆரம்பித்துவிட்டேன். நடுநடுவே யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சண்டை போட்டார்கள் என்பதும் பதிவாகிறது. அதை வெட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒரு குறி மட்டும் பிடிபடவே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, பெரும்பாலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில். ‘ஷ’ எழுத ஆரம்பித்து மேலே ஒரு சுழியோடு விட்டுவிட்டது போல இருக்கும். அன்றைக்கு அத்தை கண்ணாடியை ஊரில் வைத்துவிட்டு வந்திருந்தார். 51 குறிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், எதுவும் ஒத்துவரவில்லை. யூனிகோடில் விட்டுப்போனதா?

---

திண்ணைப்பள்ளி:

பெயர் இருக்க வேண்டிய இடம் என்கிறீர்களே தம்பி, அது ‘மேற்படி’தான். அதே ஆள் என்று அர்த்தம். இதோ, இப்படி இருக்கிறதா பாருங்கள்: ௸

---

எழுத்துருப்பித்தன்:

அதேதான். ௵, ௴, ௳ வந்த அதே 2003இல் வந்தது. மூன்று பைட்தான், தளமும் விழுங்கவில்லை பாருங்கள்.