நிலை அலையா, மலையலையா, நிலைநெளிவா?

அக்கா, ஐயா, தம்பி மூவருக்கும் வணக்கம்.

வானிலையியலில் வரும் ‘ஸ்டேஷனரி வேவ்’ (காற்றோட்டத்தில் இடம்பெயராமல் நிற்கும் பெரிய வளைவு) என்ற சொல்லுக்குத் தமிழில் அக்கா தந்த ‘நிலை அலை’யை இரண்டு நாளாக வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. பள்ளி இயற்பியலில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது: இழுத்துக் கட்டிய கம்பியில் எதிரெதிராக ஓடும் இரண்டு அலைகள் சேர்ந்து உண்டாவது. வளிமண்டலத்தில் நடப்பது வேறு.

வட அமெரிக்காவின் மேற்கிலுள்ள ராக்கி மலைத்தொடர்மீது மேலைக்காற்று (மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று) ஏறும்போது, தூண்போல நிற்கும் காற்றுத்தம்பம் நசுங்கிக் குட்டையாகிறது. அதன் சுழற்சி குறைந்து, ஓட்டம் தெற்கே திரும்புகிறது. மலையைத் தாண்டியதும் தம்பம் மறுபடி நீள்கிறது. சுழற்சி கூடி வடக்கே வளைகிறது. காற்று ஓடிக்கொண்டே இருக்கும், வளைவு மட்டும் அங்கேயே கிடக்கும். ஆற்றுப் பாறைக்குக் கீழ்ப்புறம் நீர் நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குளிர்காலத்தில் ஓர் அகடு (ஓட்டம் தெற்கே தாழ்ந்து வளையும் பகுதி) அமைவதற்கும், கனடாவின் குளிர்காற்று அதன் மேற்கு ஓரமாக இறங்கி வருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். தென்கோளத்தின் நடு அட்சங்களில் பெரும்பாலும் கடல்தான் என்பதால் அங்கே இந்த வளைவுகள் பலவீனம்.

இதற்கு ஐயா சொன்ன ‘மலையலை’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது. வானிலையியலாளர்கள் சார்னியும் எலியாசனும் 1949இல் 45 பாகை வட அட்சத்தில் மலைகளின் விளைவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்புறம் 1953இல் இன்னொரு வானிலையியலாளர் ஸ்மகோரின்ஸ்கி, நிலத்துக்கும் கடலுக்குமான வெப்ப வேறுபாட்டுக்கும் இதில் பங்குண்டு என்று காட்டினார். ஜப்பான் பக்கம் உள்ள அகட்டுக்குத் திபெத் பீடபூமியும் காரணம், நில-கடல் வேறுபாடும் காரணம். மேலும், மலைமுகட்டுக்குப் பின்னால் சில கிலோமீட்டர் நீளத்தில் எழுந்து விமானத்தை உலுக்கும் சிற்றலைக்கு ‘மலையலை’யை வைத்துக்கொள்வதே சரி.

என் பரிந்துரை: நிலைநெளிவு.

நெளி மோதிரம் தெரிந்த யாருக்கும் வடிவம் உடனே கண்ணில் வரும். வினையும் கூடவே கிடைக்கிறது: ‘மேலைக்காற்று இங்கே தெற்கே நெளிகிறது’. முகடு (வடக்கே எழும் வளைவு), அகடு என்ற பழைய சொற்களும் இதோடு பொருந்துகின்றன. மலையால் வருவதை ‘மலைவழி நிலைநெளிவு’ என்றும், வெப்பத்தால் வருவதை ‘வெப்பவழி நிலைநெளிவு’ என்றும் பிரிக்கலாம்.

‘அலை’ போய்விட்டால் ராஸ்பி அலையோடு (பூமி சுழல்வதால் வளிமண்டலத்தில் உண்டாகும் பேரலை) உள்ள உறவு மறைந்துவிடும் என்று தம்பி கவலைப்பட்டது நியாயம். அதனால் விளக்கத்தின் முதல் வரியே ‘ராஸ்பி அலையின் இடம்பெயரா வடிவம்’ என்று தொடங்கட்டும். ஐயா, இதற்கு நீங்கள் சம்மதிப்பீர்களா?